நனையாத மாத்திரை

கடலூர்ப் பக்கம் மாத்திரைக் கம்பெனி ஒன்றில் மெஹருன்னிசா என்று ஒரு டீச்சர் இருந்தார். பார்மசி கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், அது சலித்துப்போய்க் கம்பெனியின் தரச் சோதனைப் பிரிவுக்குத் தலைமையாக வந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் கேட்டைத் தாண்டாது. ஆனாலும் டீச்சர் என்ற பெயர் கூடவே வந்துவிட்டது.

அவருக்கு ஒரே ஒரு சீடர், தண்டபாணி. உற்பத்திப் பிரிவின் மேனேஜர். டீச்சரைவிட வயதில் நன்றாக மூத்தவர். மாத்திரை அடிக்கும் மிஷினின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்த மாத்திரை மனுஷன் வயிற்றுக்குள் போய் என்ன செய்கிறது என்பதுதான் அவருக்குப் பிடிபடாத விஷயம். அதைக் கேட்க டீச்சரிடம் வருவார். "என்னை உங்க சீடன்னு வச்சுக்கங்க" என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னார். அது அப்படியே நின்றுவிட்டது.

ஒருநாள் காலை சீடர் கோபமாக வந்தார்.

"கேட்ல ஒரு ஆளு உக்காந்திருக்கான் டீச்சர். போன வாரம் போன் பண்ணி உயிரை வாங்கினானே, அதே ஆளு. பொண்டாட்டிக்கு வலிப்பு வந்துடுச்சாம். நம்ம மாத்திரை சரியில்லையாம். போடான்னா போகமாட்டேங்கறான்."

"போன்ல என்ன சொன்னீங்க?"

"எல்லாருக்கும் சொல்றதைத்தான். நடுவுல விட்டிருப்பாங்க, ஒழுங்கா முழுங்கச் சொல்லுங்கன்னேன்."

"விட்டாங்களா?"

"விடாம எப்படி டீச்சர் வரும்? மருந்து எவ்வளவு இருக்குன்னு நீங்கதான் அளந்தீங்க. முழுசா இருக்கு. தண்ணியில கரையுதான்னு பார்த்தீங்க. அதுவும் பாஸ். கையெழுத்துப் போட்டதும் நீங்கதான். மாத்திரையில மருந்து முழுசா இருக்கும்போது வலிப்பு எப்படி வரும்? சொல்லுங்க பார்க்கலாம்."

சீடரின் கேள்வி இதுதான். கேள்வி மாதிரியா வந்தது? அதட்டல் மாதிரி வந்தது. அளவு சரி என்று ஒரு தாளில் அச்சாகிவிட்டால், அதற்கு அப்புறம் யார் என்ன சொன்னாலும் பொய் என்று நினைக்கிறவர்கள் எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறார்கள். தண்டபாணி கெட்டவர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வாங்க, அவரைப் பார்ப்போம்."

ஒரு ஆள் என்று தண்டபாணி சொன்ன இடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். இருதயம் என்பவர் நின்றுகொண்டிருந்தார். ஐஸ் கம்பெனியில் வேலை. இங்கே வருவதற்காகச் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். அவர் மனைவி ஜெபமணி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கை வரைக்கும் கட்டு. வந்தவர்களை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இருதயம் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

"பஜ்ஜி போட்டுக்கிட்டு இருந்தாம்மா. வலிப்பு வந்து கை எண்ணெய்ச் சட்டிக்குள்ள போயிடுச்சு."

"இதுக்கு முன்னாடி எப்ப வந்தது?"

"எங்க பையன் பொறக்கறதுக்கு முன்னாடி. இப்ப அவன் பள்ளிக்கூடம் போறான். இத்தனை வருஷமா இதே மாத்திரைதான், இதே பேருதான். இந்த அட்டை வாங்கின அப்புறம்தான் வந்துச்சு. உடனே இங்க போன் பண்ணினேன். இந்த சார்தான் பேசினாரு. உங்க வீட்டம்மா முழுங்கியிருக்க மாட்டாங்கன்னாரு."

தண்டபாணி கேட்டுக்கு வெளியே போகிற லாரியைப் பார்த்தார்.

"படிச்சவங்க சொல்றாங்களேன்னு நானும் நம்பிட்டேன். வீட்டுல போய் கத்தினேன். முழுங்கினேன்னு மாதா மேல சத்தியம் பண்ணினா. கேக்கல. அன்னிலேருந்து காலையும் ராத்திரியும் மாத்திரையை நானே குடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பையன் பார்த்துக்கிட்டு நிப்பான். அவ தங்கச்சி வந்திருந்தப்போ அது முன்னாடியும் பார்த்தேன்."

அவர் கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது.

"நேத்து பஸ் ஸ்டாண்டுல மறுபடியும் விழுந்துட்டா. என் கண்ணால பார்த்து முழுங்கின மாத்திரைம்மா அது. இதுக்கு யாரு பதில் சொல்றது?"

"சில பேரு வாந்தி எடுத்துடுவாங்க" என்றார் தண்டபாணி. இந்த மனுஷருக்கு வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரியவில்லை.

அப்போதுதான் ஜெபமணி நிமிர்ந்தாள்.

"நான் முழுங்கினேன். வாந்தி எடுக்கல. வேணும்னா நீங்களும் ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாத்துக்கங்க."

டீச்சர் அந்த அட்டையை வாங்கிக்கொண்டார். அவளை முதலுதவி அறையில் உட்கார வைக்கச் சொன்னார். இரண்டு பேருக்கும் டீ கொடுக்கச் சொன்னார். மருந்து எழுதிக்கொடுத்த டாக்டரின் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"கொஞ்ச நேரம் இருங்க. நான் பதிலோட வரேன்."

சோதனைக் கூடத்தில் மாத்திரை கரைக்கும் எந்திரம் இருந்தது. வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் துடுப்பு மாதிரி ஒன்று மெதுவாகச் சுற்றும், தண்ணீர் உடம்புச் சூட்டில் இருக்கும். வெளியே அனுப்பும் ஒவ்வொரு பேட்ச்சிலும் கொஞ்சம் மாத்திரையைக் கம்பெனியில் எடுத்து வைப்பது வழக்கம். டீச்சர் அலமாரியைத் திறந்து பழைய பேட்ச் மாத்திரை ஒன்றை எடுத்தார். ஜெபமணியின் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கினார்.

குடுவைகளில் வெறும் தண்ணீரை ஊற்றினார்.

"டீச்சர், சோப்பு கலக்கல" என்றார் தண்டபாணி.

"தெரியும்."

அந்த வலிப்பு மருந்துக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. சுலபத்தில் கரையாது. அதனால் சோதனை செய்யும்போது தண்ணீரில் ஒருவகைச் சோப்பைக் கலப்பார்கள். அரசாங்கத்தின் மருந்துத் தரப் புத்தகத்தில் அதற்கு அனுமதி உண்டு. இந்தக் கம்பெனியும் கலந்தது. தாராளமாகவே கலந்தது.

"வெறும் தண்ணியில பழைய மாத்திரையும்தான் கரையாது."

"முழுசாக் கரையாது. உடையணும்ல?"

இரண்டு மாத்திரையையும் இரண்டு குடுவையில் போட்டார். பழையது அடியில் போய் உட்கார்ந்தது, உப்பியது, பொலபொலவென்று உதிர்ந்தது. தண்ணீர் கலங்கிப்போய்விட்டது. புதியதும் அடியில் போய் உட்கார்ந்தது. அதன் மேல் குட்டிக் குட்டியாகக் காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. துடுப்பு சுற்றிக்கொண்டே இருந்தது. மாத்திரை பளபளவென்று, கடையில் வைத்த மாதிரியே கிடந்தது.

தண்டபாணி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

"மருந்து அதேதான் டீச்சர். லாக்டோஸ் அதே. ஸ்டார்ச் அதே. ஸ்டீரேட் அதே எடை. நான் ஒரு சிட்டிகைகூட மாத்தல."

"என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணுமே மாத்தலங்கறேன்."

"இது மழைக்காலத்துல அடிச்ச பேட்ச்."

"ஆமா. அப்ப பெரிய ரோதனை. பவுடர் ஈரத்துல மிஷின்ல மாத்திரையை அழுத்தற பஞ்ச்ல ஒட்டிக்கிட்டு, மாத்திரை மூஞ்சி எல்லாம் பிஞ்சு பிஞ்சு வந்துச்சு. ஒட்டாம இருக்கத்தான் ஸ்டீரேட் போடறோம். அதைக் கூட்டலாம்னா நீங்க விடமாட்டீங்க. அதனால ஸ்டீரேட்டைப் போட்ட அப்புறம் பிளெண்டரைக் கொஞ்சம் கூட ஓட விட்டேன். நல்லாக் கலக்கட்டும்னு."

"எவ்வளவு கூட?"

"பசங்க சாப்பிட்டுட்டு வர்ற வரைக்கும்."

டீச்சர் குடுவையில் கிடந்த மாத்திரையைப் பார்த்தார்.

"நல்லாக் கலக்கறது ஒரு தப்பா? அதைப் போய் யாராவது ரெக்கார்டுல எழுதுவாங்களா? அப்புறம் மாத்திரை கொஞ்சம் இளக்கமா வந்துச்சு. அழுத்தத்தைக் கூட்டினேன். சும்மா கண்ணாடி மாதிரி வந்துச்சு. நீங்களே கையில வச்சுப் பார்த்து, மழையிலயும் அழகா அடிச்சிருக்கீங்களேன்னீங்க."

"சொன்னேன்" என்றார் டீச்சர். அந்த ஒரு சொல்லை அவர் விழுங்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. "கையை நீட்டுங்க."

"எதுக்கு?"

"ரெண்டு கையும்."

மெக்னீசியம் ஸ்டீரேட் டப்பாவைத் திறந்தார். பார்க்க முகப்பவுடர் மாதிரி இருக்கும். சீடரின் இடது உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்தார். வலது உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை.

"ஒரே அளவுதானே?"

"ஒரே அளவுதான்."

இடது கையில் இருந்ததை விரலால் லேசாக இரண்டு தட்டுத் தட்டினார். வலது கையில் இருந்ததைத் தேய்க்க ஒரு கண்ணாடிக் குச்சியைக் கொடுத்து, "தேய்ங்க" என்றார்.

தண்டபாணி தேய்த்தார். "போதுமா?" என்றார்.

"தேய்ங்க. பசங்க சாப்பிட்டுட்டு வரட்டும்."

அவருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் இடது கை விரல்களால் குச்சியைப் பிடித்து உருட்டித் தேய்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் வலது கையில் பொடி இருந்த அடையாளமே இல்லை. தோல் வழவழவென்று ஆகிவிட்டது.

டீச்சர் குழாயைத் திறந்துவிட்டார். இடது கையில் பொடி திட்டுத்திட்டாக மிதந்து போனது, கை நனைந்தது. வலது கையில் தண்ணீர் உருண்டை உருண்டையாக ஓடியது, ஒரு இடத்திலும் ஒட்டவில்லை. தண்டபாணி கையைப் புரட்டினார், குவித்தார், குழாய்க்கு அடியில் அப்படியே வைத்திருந்தார். தண்ணீர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கை காய்ந்தே இருந்தது.

"அதே சிட்டிகைதான்" என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது.

"அதே சிட்டிகைதான். நீங்க பிளெண்டரை ஓட்ட ஓட்ட, மருந்துப் பவுடர் மேல இப்படித்தான் பூசிக்கிச்சு."

அவர் தொட்டிப் பக்கத்தில் இருந்த சோப்பை எடுக்கப் போனார். டீச்சர் அதை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சோப்பு குடுங்க டீச்சர். அது இல்லாம இது போகாது."

"அந்தப் பொண்ணு வயித்துல சோப்பு இருக்கா?"

தண்டபாணி திரும்பி, சுற்றிக்கொண்டிருந்த துடுப்பைப் பார்த்தார்.

"வயித்துக்குள்ள பித்தம் இருக்கு. அது கொஞ்சம் சோப்பு வேலை பார்க்கும்" என்றார் டீச்சர். "நாம இங்க ஊத்தற அளவுக்கு எந்த மனுஷனுக்கும் இல்ல. சோப்பு போட்டுக் கழுவிப் பார்த்துட்டு, உங்க கை சுத்தம்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

எந்திரத்தை அவர் நிறுத்தவில்லை. அப்படியே ஓடவிட்டு, கிடங்குக்குப் போன் செய்தார். அந்தப் பேட்ச்சில் ஒரு பெட்டியும் நகரக்கூடாது என்றார். கடைகளுக்குப் போனதை எல்லாம் திரும்ப எடுக்க ஏற்பாடு செய்யச் சொன்னார். யாரைக் கேட்டு என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "என்னைக் கேட்டு" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்புறம் டாக்டரிடம் பேசினார். ஜெபமணிக்கு உடனே வேறு பேட்ச் மாத்திரை வேண்டும், இன்றைக்கே அவளை உங்களிடம் அனுப்புகிறேன் என்றார்.

தண்டபாணி வலது கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஈரம் எதுவும் இல்லை.

"டீச்சர், ஒண்ணு சொல்றேன். தொழில்நுட்பக் காரணம்னு போட்டு பேட்ச்சைத் திரும்ப எடுத்துடலாம். அவங்களுக்கு டாக்டர் நல்ல அட்டை குடுத்துடுவாரு. வலிப்பு நின்னுடும். பிரச்னை முடிஞ்சுது. நாம போய் விலாவாரியா சொல்லிக்கிட்டு இருக்கணுமா?"

டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. ரொம்ப நிதானமாகிவிடும். அவரிடம் படித்த மாணவர்கள் அதற்குத்தான் பயப்படுவார்கள்.

"நல்ல அட்டை குடுத்து அனுப்பறோம். வலிப்பு நின்னுடுது. அவ வீட்டுக்காரர் என்ன நினைப்பாரு?"

தண்டபாணி யோசித்தார்.

"இப்பதான் ஒழுங்கா முழுங்கறான்னு நினைப்பாரு" என்றார் மெல்ல.

"டார்ச்சை எடுத்து உள்ள வைப்பாரா?"

சீடர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். அவரே முன்னால் நடந்தார்.

முதலுதவி அறையில் டீ ஆறிப்போயிருந்தது. இருதயம் எழுந்து நின்றார். ஜெபமணி எழுந்திருக்கவில்லை.

தண்டபாணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "இங்க பாருங்கம்மா. மழைக்காலத்துல பவுடர் ஒட்டும். அதுக்காகக் கலக்கற நேரத்துல சின்னதா ஒரு..."

"சார்" என்றாள் ஜெபமணி. "நான் முழுங்கினேனா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"முழுங்கினீங்க."

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத் தெரியாதா? அவருகிட்ட சொல்லுங்க."

தண்டபாணி இருதயத்தின் பக்கம் திரும்பினார். இவ்வளவு காலமாக எத்தனையோ பேருக்குப் போனில் பதில் சொன்னவர்தான். ஒரு ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்வது இதுதான் முதல் தடவை போலிருக்கிறது.

"உங்க வீட்டம்மா ஒரு வேளைகூட விடல. ஒழுங்கா முழுங்கினாங்க. மாத்திரை உள்ள போய் உடையல. மருந்து உடம்புல சேரல. தப்பு நான் அடிச்ச மாத்திரையில இருக்கு. பார்க்காம, கேக்காம, அவங்க மேல பழி போட்டேன்."

"நானும்தான்" என்றார் டீச்சர். "சரியில்லாத சோதனை பண்ணிட்டு சரின்னு கையெழுத்துப் போட்டது நான்."

இருதயம் கத்துவார் என்று தண்டபாணி எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். இருதயம் கத்தவில்லை. சட்டைப் பையில் இருந்த சின்ன டார்ச்சை எடுத்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் பெஞ்சின் மேல் வைத்துவிட்டார். மனைவியைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"ஜெபா" என்றார்.

"அதை எடுத்துப் பையில போடுங்க. கரண்டு போனா வீட்டுக்கு வேணும்" என்றாள் அவள்.

எழுந்தாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். அங்கே நின்று தண்டபாணியைப் பார்த்தாள்.

"இதே அட்டை எங்க தெருவுல இன்னொரு பிள்ளைக்கும் வாங்கறாங்க சார். அதுக்குப் பேசவே வராது. முழுங்கினேன்னு சத்தியம் பண்ணக்கூட அதால முடியாது."

இரண்டு பேரும் கம்பெனி வேனில் டாக்டரைப் பார்க்கப் போனார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டு விலாசத்தை அவர்கள் கிளம்பும் முன்பே டீச்சர் கேட்டு வாங்கியிருந்தார். இன்னொரு வண்டி அங்கே போனது.

குருவும் சீடரும் சோதனைக் கூடத்துக்குத் திரும்பினார்கள். துடுப்பு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு குடுவையில் பால் மாதிரித் தண்ணீர். இன்னொன்றில் மாத்திரை ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கரைந்து, நடுவில் அப்படியே இருந்தது.

தண்டபாணி குனிந்து அதைப் பார்த்தார்.

"இனிமே பிளெண்டரை நிறுத்திட்டுத்தான் பசங்க சாப்பிடப் போவாங்க" என்றார். "பஞ்ச்ல ஒட்டினா ஒட்டட்டும். மிஷினை நிறுத்தித் துடைச்சுக்கறேன்."

"சரி."

"சோப்புத் தண்ணியில பாஸ் ஆனாலும், சோப்பைப் பித்தம் அளவுக்கு மட்டும் கலந்த தண்ணியில இன்னொரு தடவை பார்த்துடலாம். ஒவ்வொரு பேட்ச்சும்."

"சரி."

"ஆனா டீச்சர், மேல இருந்து கேப்பாங்க. மருந்து அளவு முழுசா இருக்கு. புத்தகத்துல சொன்ன சோதனையிலயும் பாஸ் ஆயிடுச்சு. அதுக்கு மேலயும் எதுக்குப் பார்க்கறீங்க, நம்ம மாத்திரை மேல நமக்கே நம்பிக்கை இல்லையான்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

டீச்சர் கோட்டுப் பையிலிருந்து சோப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"ஜெபமணி தினமும் ரெண்டு வேளை வாயைத் திறந்து காட்டினா. இப்ப நம்ம முறைன்னு சொல்லுங்க."